‘விதே’ என்று எழுதிய பலகை

ஒரு சொல், அதைத் தங்கள் வாசலில் எழுதி வைத்தவர்களுக்குச் சொந்தமா, தெருவோடு போகிறபோது அதைப் படித்துச் சிரிக்கிறவர்களுக்குச் சொந்தமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதியில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரின் நெல்லித்தோப்பில் ஒரு சிறு படிப்பகத்தின் வாசலில் நின்றபடி இந்தக் கேள்விக்கு நான் விடை கூற வேண்டியிருந்தது. ஆற அமர ஆராய்ந்து எழுதுவதற்கு உரிய கேள்வி அது. எனக்கோ அவகாசம் இல்லை. என் விடை பொருந்தாமல் போனால் அந்த அறை எங்கள் கையை விட்டுப் போய்ச் சாராயக்கடை ஆகிவிடும்.

அந்த அறை முன்பு உப்புக் கிடங்காக இருந்தது. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சிக்கு உரியது. ஆலைகளில் வேலை நேரம் குறைக்கப்பட்ட பிறகு, தொழிலாளிகளின் கையில் முதன்முறையாக ஒரு மாலைப்பொழுது மிஞ்சியது. அந்த மாலையை யார் எடுத்துக்கொள்வது என்று ஊரில் பல பேர் கணக்குப் போட்டார்கள். சாராயக் குத்தகைக்காரர் அவர்களில் முந்திக்கொண்டவர். பிரெஞ்சுப் பள்ளியில் லத்தீன் வரை படித்து, பிறகு சென்னையில் பட்டம் பெற்று ஊர் திரும்பியிருந்த நானும் என் பங்குக்குக் கணக்குப் போட்டேன். சிலர் சேர்ந்து மேரியில் விண்ணப்பித்தோம். ஓராண்டுக்கு மட்டும் தருவதாகவும், படிப்பகம் உண்மையாகவே நடக்கிறது என்று தெரிந்தால் நீட்டிப்பதாகவும் சொல்லிக் கிடங்கின் சாவியைக் கொடுத்தார்கள். சுவரில் உப்புப் பூத்திருந்தது. வெள்ளையடித்தோம், மழைக்காலத்தில் மறுபடியும் பூத்தது. ஆகவே புத்தகங்களைச் சுவரில் படாமல் தள்ளியே அடுக்கிவைத்தோம்.

படிப்பகத்துக்குத் தூண்கள் இரண்டு பேர். ஒருவர் ஆலையின் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று லத்தீனில் பாடுகிறவர். எங்களுக்கு அவர் பாட்டுக்கார அண்ணன். மற்றவர் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்கா. படிப்பகத்துக்கு நேர் எதிர் வீடு அவருடையது. அவருடைய கணவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. விட்ட கையோடு மாலை வேளைகளை எங்கள் பெஞ்சில் செய்தித்தாளோடு கழித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் அதே பெஞ்சில்தான். கணவன் மனைவி இருவரும் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் உட்காருவார்கள்.

வாரத்தில் சில மாலைகளில் நான் ஏதாவது ஒரு புத்தகத்தை உரக்கப் படித்துப் பொருள் சொல்லுவேன். ஒருநாள் நம் பகுதியின் பழைய வரலாற்றைப் பற்றிய ஓர் ஆங்கில நூலைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடியில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. நான் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போவதை அக்கா கவனித்துவிட்டார்.

“கீழ பொடிசா என்னமோ கெடக்குதே தம்பி, அத ஏன் படிக்காம வுடுறே? பணக்காரங்களுக்கு மட்டுமா அது?”

அவை அடிக்குறிப்புகள் என்றேன். விதே என்ற ஒரு லத்தீன் சொல் அவற்றில் அடிக்கடி வரும் என்றும், ‘பார்’ என்பது அதற்குப் பொருள் என்றும் சொன்னேன். ஒரு செய்தியைச் சொல்லுகிற ஆசிரியர், அது எந்த ஏட்டில், எந்தக் கல்வெட்டில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டி, போய்ப் பார்த்துக்கொள் என்று வாசகருக்குச் சொல்லுகிறார் என்று விளக்கினேன்.

அக்கா அந்தப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“அப்ப, எழுதினவனே ‘என்ன நம்பாதே, நீயே போய்ப் பாரு’ங்கிறானா?”

“ஆமாம்.”

“நல்ல மனுசன்தான். எங்க மேஸ்திரிக்கு ஒரு தரம் படிச்சிக் காட்டு.”

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கல்லூரியில் அந்தச் சொல்லை எத்தனையோ பக்கங்களில் கடந்து வந்தும், அது வாசகனுக்குக் கொடுக்கப்பட்ட ஓர் உரிமை என்று எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. ஆலை வாயிலில் ஒட்டப்படும் அறிவிப்புகளை நம்பியே வாழப் பழக்கப்பட்டவர்களுக்கு அது உடனே விளங்கிற்று.

பாட்டுக்கார அண்ணன்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். “வருஷக்கணக்கா லத்தீன்ல பாடறேன் தம்பி. ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிஞ்சா போதும்னு வுட்டுட்டேன். இந்த ஒரு வார்த்தை நான் பாடின வார்த்தை. இதுக்காவது அர்த்தம் தெரிஞ்சிபோச்சு. இதையே நம்ம வாசல் மேல எழுதிடுவோம்.”

எதற்கு என்று கேட்டேன்.

“கோர்ட்டுக் கச்சேரி வாசல் மேல என்னமோ எழுதியிருக்கான். பள்ளிக்கூடத்து முத்திரையில லத்தீன்ல ஒரு வரி போட்டிருக்கான். காசுலகூட எழுதியிருக்கான். நமக்கு மட்டும் மொட்ட வாசலா?”

எனக்குத் தயக்கம் இருந்தது. தமிழ்த் தொழிலாளிகளின் படிப்பகத்துக்கு அயல்மொழிச் சொல் எதற்கு? நம் நூல்களிலேயே ‘காண்க’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறதே என்றேன். “காண்கவா? கண்ணாலப் பத்திரிக மாதிரி இருக்குது,” என்று அக்கா அதைத் தள்ளிவிட்டார். பிரெஞ்சில் VIDE என்ற அதே நான்கு எழுத்துகளுக்கு வேறொரு பொருள் உண்டு என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. பிரெஞ்சில் அதை ‘வீத்’ என்று படிப்பார்கள். ‘காலி’ என்று பொருள். ஆனால் பிரெஞ்சு படித்தவர்கள் நெல்லித்தோப்புச் சந்துக்குள் எதற்கு வரப்போகிறார்கள் என்று அதற்கு அதிக எடை கொடுக்காமல் விட்டேன்.

தயக்கத்தை மீறி எனக்கும் ஒரு பெருமிதம் உண்டாயிற்று என்பதை மறுக்கமாட்டேன். நகரங்களும் படைகளும் கல்விக்கூடங்களும் தங்கள் சின்னங்களில் பொறித்துக்கொள்ளும் லத்தீன் வாசகங்களை நான் படித்திருக்கிறேன். பெரும்பாலும் அவை தங்களைப் பற்றியே பேசும்: எங்கள் வீரம், எங்கள் ஒளி, எங்கள் வெற்றி. இந்தச் சொல் தன்னைப் பற்றி ஒன்றும் கூறாமல் எதிரே நிற்பவரைப் பார்க்கச் சொல்லுகிறது. அறிஞர்களின் நூல்களில் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த ஒன்றை எங்கள் ஆட்கள் எடுத்து நிலைவாசலுக்கு மேல் ஏற்றப் போகிறார்கள். அப்படிச் செய்த படிப்பகம் வேறு எங்கேனும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பலகை, நூல் வந்து இறங்கும் மரப்பெட்டியிலிருந்து எடுத்தது. குட்டையான பலகை, ஒரு சொல்லுக்கு மேல் இடம் இல்லை. வீராம்பட்டினத்தில் படகுகளுக்கு வண்ணம் பூசும் ஒருவர் அண்ணனுக்குப் பழக்கம். மிச்சமிருந்த படகு நீலத்தில் அவரே எழுதித் தந்தார். எழுதுவதற்கு முன், “இது எந்த அம்மன் பேருங்க?” என்று கேட்டாராம். சாமி பெயர் இல்லை, ‘பார்’ என்று அர்த்தம் என்று அண்ணன் சொல்ல, “பாருன்னா கண்ணு வேணாமா?” என்று சொல்லி, VIDE என்ற எழுத்துகளுக்கு இரு பக்கமும் பெரிய இமைகளோடு ஒவ்வொரு கண் வரைந்துவிட்டார். யாரும் கேட்காத கண்கள். ஆனாலும் பலகை ஏறிய அன்று தெருவே வந்து அவற்றைத்தான் பார்த்தது.

சொல் எங்கள் ஆட்களின் வாயில் நெடுநாள் லத்தீனாக இருக்கவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து ஆலையில் சேர்ந்தவர்கள் பலர். அவர்கள் நாக்குக்கு விதே ‘வெதை’ ஆயிற்று. நிலத்தில் தூவும் விதையேதான். நான் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஏனென்றால் உச்சரிப்பு மாறினாலும் பொருளை அவர்கள் சரியாகவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதேனும் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது வேறோர் இடம் நினைவுக்கு வந்தால், ஓரத்தில் பென்சிலால் ‘வெதை’ என்று எழுதி, அந்த இடத்தைக் குறித்தார்கள். அதற்கு ‘வெதை போடுவது’ என்று பெயர். புத்தகத்தில் கிறுக்குவது எனக்கு உவப்பானதில்லை. மை கூடாது, பென்சில் மட்டும் என்று ஒரு விதி செய்து என் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அவர்கள் போட்ட வெதைகள் என் கல்லூரி நூல்களில் கண்டவற்றைப் போல் இல்லை. அங்கே ஒரு நூல் இன்னொரு நூலைக் காட்டும். இங்கே நூல் தெருவைக் காட்டியது. பாகற்காய் சகல வியாதிக்கும் மருந்து என்று சொல்லும் ஒரு வைத்தியப் புத்தகத்தின் ஓரத்தில், “வெதை: எங்க மாமியா. மூணு மாசம் தின்னாங்க, ஒண்ணும் ஆவுல” என்று எழுதியிருந்தது. சந்தையில் அரிசி தாராளமாகக் கிடைக்கிறது என்ற செய்திக்கு அருகில், “வெதை: பெரிய கடை, போய்ப் பாத்தாச்சு, பொய்.” ஒரு கதையில் மனைவியின் சொல்லைத் தட்டாத கணவன் வந்த இடத்தில், யாரோ “வெதை: எதுத்த வூடு” என்று எழுதிவைக்க, எதிர் வீட்டு அக்காவின் கணவர் ஒரு வாரம் அந்தப் பெஞ்சில் உட்காராமல் கோபித்துக்கொண்டார்.

இவ்வாறு ஆண்டு முடியும் தறுவாயில், மேரியில் எழுத்தராக இருந்த என் பள்ளித்தோழன் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டான். நண்பனைப் பிரெஞ்சில் ‘மொனமி’ என்று அழைப்பது அவன் வழக்கம்.

“என்ன மொனமி, உங்க படிப்பகம் காலியாமே!”

“யார் சொன்னது?”

“உங்க பலகையே சொல்லுதாம். சாராயக் குத்தகைக்காரர் மனு போட்டிருக்கார். அந்த எடத்துல யாரும் படிக்கறதில்ல, காலியாக் கெடக்குது, அவங்களே ‘வீத்’னு எழுதி மாட்டியிருக்காங்கன்னு. மேரியில எல்லாரும் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கறாங்க. மேற்பார்வைக்கு ஆள் அனுப்பப் போறாங்க. அதுக்குள்ள அந்தப் பலகையக் கழட்டிடு.”

கேலி, வெள்ளைக்காரர்கள் வசிக்கும் கடற்கரைப் பக்கம் வரைக்கும் போயிருந்தது. தன் வாசலில் தானே ‘காலி’ என்று எழுதிவைத்த படிப்பகம் என்று எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

அன்று மாலை எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது.

“கோயில்ல பாடற வார்த்தையப் போய்க் காலிங்கறானா?”

அக்கா வேறு விதமாகக் கேட்டார். “அவன் காலின்னு படிச்சா, உள்ள குந்திக்கினு இருக்கிற நாம காத்தாப் போயிடுவமா? இதப் பாரு தம்பி, இந்தக் கதவு சாராயத்துக்குத் தொறந்துச்சுன்னா எங்க வூட்டு அடுப்பு மூடிக்கும். அத மட்டும் மனசுல வச்சிக்கினு பேசு. இந்த ஆளு இப்பத்தான் பேப்பரு படிச்சி ஊரு வம்பு பேசக் கத்துக்கினு இருக்காரு.”

“சும்மா இரும்மே,” என்றார் பெஞ்சின் மறுமுனையிலிருந்து அவர் கணவர். “சபையில மானத்த வாங்காத.”

“வாங்கறதுக்கு இருந்தாத்தானே.”

சிரிப்பு அடங்கியதும், விளைவுகளை ஒவ்வொன்றாக அவர்கள் முன் வைத்தேன். பலகையைக் கழற்றினால், குத்தகைக்காரர் சொன்னது மெய்தான், பயந்து எடுத்துவிட்டார்கள் என்று பேச இடமாகும். விட்டுவைத்தால், மேற்பார்வைக்கு வருகிறவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே நுழைவார். சிரித்துக்கொண்டு வருகிறவருக்கு எதையும் நிரூபிப்பது கடினம். ஆகவே நடுவழியாக எனக்கு ஒன்று தோன்றியது. லத்தீன் சொல்லுக்குக் கீழே, ஒரு சிறு துண்டுப் பலகையில், தமிழில் அதன் பொருளை எழுதிவிடலாம்: ‘பார்’.

என் யோசனை எடுபட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அண்ணனின் தோள்கள் குலுங்குவதைக் கண்டேன்.

“தம்பி, மேல ‘வீத்’, கீழ ‘பார்’. சேத்து ஒரு தரம் படி.”

கடற்கரைப் பக்கம் கப்பல்காரர்களும் சிப்பாய்களும் குடிக்கும் இடங்களுக்கு ‘பார்’ என்றுதான் பெயர் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

“காலி பாரு!” என்று கத்தினார் அக்காவின் கணவர். அவருக்குத்தான் அதில் எல்லோரையும் விட அதிக மகிழ்ச்சி. “குத்தகைக்காரனுக்குப் பலகச் செலவு மிச்சம்! நாமளே எழுதிக் குடுத்துடுவோம்!”

“சிரி, சிரி,” என்றார் அக்கா. “மொத ஆளா நீதான் போய் நிப்பே.”

அன்று அந்த அறையில் எழுந்த சிரிப்பை, பட்டமளிப்பு விழாவில் கேட்ட கைதட்டலை விட நான் மதிக்கிறேன். லத்தீனும் பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவன் என்று என்னை நம்பிய கூட்டம், மூன்று மொழிகளுக்கு நடுவே நான் எங்கே கால் இடறினேன் என்பதை என்னைவிட முன்னதாகக் கண்டுகொண்டது. ஓராண்டுக்கு முன் அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மொழியின் எழுத்தும் தெரியாது. இதைவிட ஓர் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? நான் என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பலகை இருந்தபடியே இருக்கட்டும், வருகிறவருக்கு அதன் கீழே நின்று நான் பதில் சொல்லுகிறேன் என்றேன். எல்லோரும் அதற்கு உடன்பட்டார்கள்.

மாலையில் வருவார்கள், அறை நிறைய ஆள் இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். மேரியின் அதிகாரி வந்ததோ ஒரு முற்பகலில். ஆள் தள்ளிச் செல்லும் புஷ்புஷ் வண்டி சந்து முனையில் நின்றது. அதிலிருந்து வெள்ளை உடையும் தலையில் சோலாத் தொப்பியுமாக ஒரு தமிழர் இறங்கினார். பிரெஞ்சுப் படிப்பில் ஊறியவர் என்பது நடையிலேயே தெரிந்தது. ஆலையில் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அறையை எட்டிப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

“வீத்!” என்றார். “அலோர், அப்படின்னா முசியே, உங்க பலகை பொய் சொல்லல.”

ஓடிப்போய் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை அழைத்து வரலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வந்திருப்பார்கள். ஆனால் கூட்டி வந்து உட்காரவைத்த கூட்டம் எதற்கும் சான்றாகாது. அவருக்கும் அது தெரியும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

“அதைப் பிரெஞ்சில் படிக்க வேண்டாம் ஐயா. லத்தீனில் படியுங்கள்.”

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மூன்றாம் முறையாக அண்ணாந்தார். “ரெண்டு பக்கமும் கண்ணு எதுக்கு?”

“எழுதியவர் படகுக்கு வண்ணம் பூசுகிறவர். சொல்லுக்குப் பொருள் கேட்டுக்கொண்டு வரைந்தார். காலி என்று நினைத்திருந்தால் கண் வரைந்திருக்க மாட்டார்.”

அவர் உதடுகள் பழைய லத்தீன் வாய்ப்பாட்டை முணுமுணுத்தன. “விதேயோ, விதேஸ், விதேத்... விதே! இதத் தப்பாச் சொன்னதுக்கு நான் முட்டி போட்டிருக்கேன், தெரியுமா?” அவர் முகத்தில் ஒரு பள்ளிக்கூடம் வந்து போயிற்று. பிறகு மறுபடியும் அதிகாரி ஆகிவிட்டார். “சரி, கட்டளை. பாருங்கறீங்க. எதப் பாக்கறது? பெஞ்சையா?”

“புத்தகங்களை. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் நீங்களே எடுங்கள்.”

அவர் எடுத்தது வைத்தியப் புத்தகம். மாமியாரைப் பற்றிய குறிப்புக்கு வந்ததும் சத்தமாகச் சிரித்தார். பக்கங்களைப் புரட்டினார், வேறொன்றை எடுத்தார். வெதை என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். பிறகு உட்கார்ந்துகொண்டார். ஒரு குறிப்பு வேறொரு புத்தகத்தைக் காட்டினால், அந்தப் புத்தகத்தைத் தானே தேடி எடுத்து, அது காட்டும் இடத்துக்குப் போனார்.

சுவரில் ஒரு பழைய செய்தித்தாளின் பக்கம் ஒட்டியிருந்தது. வாந்திபேதிக்குப் பிறகு ஊர்க் கிணறுகள் அனைத்தும் மூடி போடப்பட்டுத் தூய்மையாக இருக்கின்றன என்று அதில் ஒரு செய்தி. அதன் ஓரத்தில் இரண்டு வெதைகள். ஒன்று, கிணற்று நீரைப் பற்றி எங்களிடம் இருந்த ஒரு சிறு நூலைக் காட்டியது. மற்றொன்றில், “வெதை: நம்ம கெணறு” என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. ஊரைப் பற்றிய நல்ல செய்திக்குப் பக்கத்தில் இப்படி எழுதுவதை மேரியின் அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குறிப்பை அழித்துவிடலாமா என்று முன்பே யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தவன் நான்தான்.

“எங்க இருக்கு இந்தக் கெணறு?”

“சந்தின் மறுமுனையில்.”

“வாங்க,” என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

கிணற்றடியில், அன்று வேலைக்கு விடுப்பு எடுத்திருந்த அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு நூல்பெட்டிப் பலகைகளால் மூடி செய்திருந்தோம். ஒரே கயிறு, ஒரே வாளி. யாரும் தங்கள் குடத்தை உள்ளே விடுவதில்லை. அந்த ஒரே வாளியைத் தெருவில் எல்லோரும் தொடலாமா என்பதற்கு நடந்த சண்டை சிறியதன்று. ஆனால் நடந்து முடிந்திருந்தது. அதிகாரி மூடியைத் தூக்கிக் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டுத் திரும்பினார்.

“யாருய்யா அது,” என்றார் அக்கா. “தொறந்தா மூடிட்டுப் போவணும். தொப்பி போட்டவங்களுக்குத் தனிச் சட்டமா?”

நான் கண்ணால் சாடை காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரி திரும்பிப் போய் மூடியை ஒழுங்காகப் பொருத்தினார்.

“யாரும்மா இதச் செஞ்சது?”

“யாரு செய்வாங்க? நாங்கதான். பேப்பர்ல எல்லாக் கெணறும் சுத்தம்னு போட்டிருந்தான். யாரோ வெதை போட்டாங்க. சரி, என்னதான் இருக்குதுன்னு வந்து பாத்தோம். ரெண்டு தவள செத்து மெதக்குது. பாத்துட்டு அப்பறம் சும்மா போவ முடியுமா?”

“படிப்பகத்துல எப்பவும் ஆள் இருப்பாங்களா?”

“சாயங்காலம் வாங்க. ஒக்கார எடம் இருந்தா ஒக்காருங்க.”

சந்து வழியாக நாங்கள் திரும்பி வந்தோம். படிப்பகத்து வாசலில் அவர் நின்றார்.

“அறிக்கையில எல்லாத்தையும் எழுதறேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் எழுத மாட்டேன்.”

“ஏன் ஐயா?”

“ஆபீசுல அதக் காலின்னுதான் படிப்பாங்க. பலகைய எறக்காதீங்க. வர்றவன் சிரிக்கட்டும். சிரிச்சிட்டு உள்ள வரட்டும்.”

புஷ்புஷ்ஷில் ஏறிய பிறகும் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பலகையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மாலையில் ஆலை விட்டு வந்தவர்களிடம் சொன்னபோது, அண்ணன் முதலில் கேட்டது, “அவரு வாயால ‘விதே’ன்னு சொன்னாரா?” என்பதுதான். சொன்னார் என்றேன். “நான் பாடறாப்பலயா, நீ சொல்றாப்பலயா?” அண்ணன் கோயிலில் பாடுகிற உச்சரிப்பில்தான் என்றேன். உண்மையும் அதுதான். அண்ணனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அக்காவோ, தான் மூடியைப் போடச் சொன்னது யாரை என்று அறிந்ததும், “நல்லவேள, தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சொல்லியிருப்பேன்,” என்றார். அவர் கணவர் அன்றைய செய்தித்தாளை வழக்கத்தை விட உரக்கப் படித்தார்.

முதலில் எழுதிய கேள்விக்கு அன்று எனக்குக் கிடைத்த விடையை இங்கே பதிந்துவைக்கிறேன். பலகையைப் படித்துச் சிரித்தவர்களும் அந்தச் சொல்லைத் தவறாகப் படிக்கவில்லை. அவர்களுடைய மொழியில் அதற்கு அதுதான் பொருள். ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு காரியம் செய்தவர்கள் எங்கள் ஆட்கள். அது சொன்னபடி போனார்கள், பார்த்தார்கள், கிணற்றுக்கு மூடி போட்டார்கள். அதனால் அதை அவர்களுடையது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

மேரி அந்த அறையைக் காலவரை குறிக்காமல் எங்களிடமே விட்டது. குத்தகைக்காரர் தம் கடையை வேறொரு தெருவில் திறந்தார். அந்தத் தெருவுக்கு அது நன்மை இல்லை என்பதையும் நான் மறக்கவில்லை. எதிர் வீட்டு அக்காவின் கணவர் எங்கள் பெஞ்சிலேயே இருந்தார். அதன் பிறகு நெல்லித்தோப்பில் யாராவது ஒரு செய்தி கொண்டு வந்தால், “வெதை எங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் நம்பினார்கள்.